வானத்தில் இரண்டு கடை

2005 கோடையில் அமெரிக்காவில் மாப்பிள்ளை தம் காருக்கு ஸாடிலைட் ரேடியோ வாங்கப் புறப்பட்டார். யோசனை சொல்ல நானும் போனேன். எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு கம்பெனிகள். சந்தா இரண்டுக்கும் ஒன்றுதான்: மாதம் 12 டாலர் 95 சென்ட். பேஸ்பால் கேட்க எக்ஸ்எம். அமெரிக்கக் கால்பந்து கேட்க சிரியஸ். ஒன்றின் பெட்டியில் மற்றது வாய் திறக்காது! எக்ஸ்எம் தன் முதல் இரண்டு செயற்கைக் கோள்களுக்கு 'ராக்', 'ரோல்' என்று பெயர் சூட்டிய குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

"பேருக்காகவா பணம் கொடுக்கிறது, மாமா?" என்றார் மாப்பிள்ளை. அவரோ பேஸ்பால் பைத்தியம். எக்ஸ்எம்மே ஜெயித்தது.

ஒன்றை மற்றது விழுங்கக் கூடாதென்று 1997-ல் சர்க்கார் விதித்திருந்தது. 2008-ல் அதே சர்க்கார் சம்மதிக்க, இரண்டும் ஒன்றாயின. மூன்று வருஷம் விலையேற்றுவதில்லை என்று வாக்களித்தார்கள், காப்பாற்றவும் செய்தார்கள். 2012 ஜனவரியில் சந்தா 14 டாலர் 49 சென்ட்! கோபித்துக்கொண்டு போக எதிர்க்கடைதான் இல்லை.