ஒரு மேசை, ஒரே புத்தகம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குள் பெண்கள் போய் இருந்து வாசித்ததை நான் கண்டதில்லை. ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பார். வாங்கிலில் இருக்கும் பெரியவர்கள் அரசியல் கதைப்பார்கள். அந்தச் சத்தம் ஒழுங்கை வரை கேட்கும். எங்களுக்குப் புத்தகம் அண்ணாவின் கையால் வீட்டுக்கு வந்தது. செங்கை ஆழியானும் ஜெயகாந்தனும் அப்படித்தான் வந்தார்கள். வாசித்ததைக் கிணற்றடியில் சிநேகிதிகளோடு கதைப்போம், அவ்வளவுதான். ஒரு புத்தகத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த மனிதர்களைக் கனடாவில்தான் சந்தித்தேன்.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளையில் மாதம் ஒரு மாலை வாசிப்புக் குழு கூடுகிறது. ஒரே புத்தகத்தின் பிரதிகளை நூலகமே சேர்த்துத் தரும். பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு, காதால் வாசிப்பவர்களுக்கு ஒலிநூல். ஜமெய்க்காவில் பிறந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஒரு பெண், ஆசிரியையாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து எண்பதைத் தாண்டிய ஒருவர், இன்னும் சிலர். குழுவை நடத்தும் நூலகர் ஒரேயொரு ஒழுங்கு வைத்திருக்கிறார்: பிடித்தது, பிடிக்கவில்லை என்று பேச்சைத் தொடங்கக் கூடாது. வாசித்துக்கொண்டு போகையில் எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று தொடங்க வேண்டும். எவ்வளவு நல்ல ஒழுங்கு என்பது சில மாதங்கள் போனபிறகுதான் புரியும். தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள்கூடப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' நாவலை எடுத்த மாலை எனக்கு மறக்காது. 2021இல் வெளிவந்து புக்கர் குறும்பட்டியலுக்குப் போன புத்தகம் என்பதால் பிரதிகளுக்குக் குறைவில்லை. கொழும்பில் இருக்கும் கிருஷன், தன் அப்பம்மாவைப் பராமரித்த ராணியின் செத்தவீட்டுக்கு வடக்கே ரயிலில் போகிறான். போரில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் ராணி. நான் உள்ளே போனதும் எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. வேலையிடத்திலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் எனக்குப் பழகிப்போன பார்வை அது. அன்பான பார்வைதான். ஆனால் அதன் முன்னால் நான் எப்போதும் சாட்சி சொல்ல நிற்பவள். எத்தனை பேர் செத்தார்கள், யார் முதலில் தொடங்கினார்கள், இப்போது நிலைமை என்ன? நூலகர் அதைக் கண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் பேசட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சிறிய வசனத்துக்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டவள்.

முதலில் பேசியது பிலிப்பைன்ஸ் பெண். அவர் போரைத் தொடவேயில்லை. இன்னொருவரின் தாயைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரவில் அவருடைய மூச்சைக் கவனித்தபடி படுக்கும் ஒருத்தி தன் துக்கத்தை எந்த நேரத்தில் அழுது தீர்ப்பது என்று கேட்டார். வேலை நேரத்தில் அழ முடியாது, தங்கியிருக்கும் வீட்டிலோ வேலை நேரம் முடிவதே இல்லை என்றார். ராணியை நான் எங்கள் போரின் தாயாக மட்டுமே பார்த்திருந்தேன். கூலிக்கு வேலை செய்யும் பெண்ணாக அவளை எனக்குக் காட்டியது மனிலாவில் பிறந்த ஒருவர். பிறகு என் முறை வந்தபோது நான் நாட்டைப் பற்றிப் பேசவில்லை. ராணியின் குரல் நேரே வராமல் எல்லாமே கிருஷனின் யோசனைக்கூடாக வருவது எனக்கு நெருடுகிறது என்றேன். ஆசிரியை மறுத்தார். நான் விடவில்லை. எங்கள் ஊர்க் கதையைப் பற்றி ஒரு வாசகியாக வாதாடினேன். அந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

ஜோய் கொகாவாவின் 'ஒபசான்' எடுத்தபோது நிலைமை தலைகீழ். 1942இல் கனடா அரசு பசிபிக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனேடியர்களை வெளியேற்றியது. வன்கூவரில் பலரைக் கால்நடைக் கண்காட்சிக் கொட்டில்களில் அடைத்து வைத்தார்கள். படகுகளைப் பறித்தார்கள். 1943இலிருந்து வீடு, காணி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் உரியவர்களின் சம்மதமின்றி விற்றார்கள். 1949 வரை அவர்கள் கரையோரத்துக்குத் திரும்ப முடியவில்லை. அந்தக் கதையைச் சொல்லும் நாவல் 1981இல் வந்தது. அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் கொடுக்க முன்வந்தது 1988இல்.

நாவலில் கதைசொல்லும் பெண்ணின் சித்தி எமிலி ஓயாமல் பேசுகிறாள், எழுதுகிறாள். கதைசொல்லியை வளர்த்தெடுத்த ஒபசான் வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் தனக்கு எரிச்சலூட்டியது என்று தாதி சொன்னார். எனக்குப் பெரியம்மா நினைவுக்கு வந்தா. 1995 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தவ. அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவர்கள் மறந்தவர்களில்லை என்று நானாகவே சொன்னேன். யாரும் கேட்டுச் சொன்னதில்லை அது.

பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் அதுவரை பேசவில்லை. தான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் ஒரு தையல் மெசின் இருந்தது என்றார். போர்க்காலத்தில் ஏலத்தில் மலிவாக எடுத்ததாம். அவருடைய பள்ளிச் சட்டைகளெல்லாம் அதில் தைத்தவை. அது யாருடையது என்று வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. புத்தகத்தை முடித்த இரவில்தான் அந்தக் கேள்வி தனக்கு வந்தது என்றார். எங்கள் வீட்டிலும் ஒரு மெசின் விட்டுவிட்டு வந்தோம். அதில் பிறகு யார் தைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பறிகொடுத்த பக்கத்தில் மட்டுமே இருந்து பழகிய நான், எடுத்த பக்கத்தில் இருந்து ஒரு மனிதர் வெட்கத்தோடு பேசுவதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நாவலைத் தனியே வாசித்திருந்தால் அந்தத் தையல் மெசின் எனக்குக் கிடைத்திருக்காது.

இந்த வருடப் பட்டியலுக்கு நான் முன்மொழிந்தது அலிஸ்டர் மக்லௌடின் 'நோ கிரேட் மிஸ்சிஃப்'. ஸ்கொட்லாந்திலிருந்து கேப் பிரெற்றனுக்கு வந்த ஒரு குலத்தின் கதை. இருநூறு வருடங்கள் கழிந்தும் அவர்கள் கேலிக் மொழியில் பாடுகிறார்கள், செத்த முப்பாட்டனைப் பக்கத்து வீட்டுக்காரர் போல நினைத்துப் பேசுகிறார்கள். தமிழர் எவரும் அதில் இல்லை, எனக்குப் பிடித்திருந்தது, அதனால் கேட்டேன். நூலகத்தில் போதிய பிரதிகள் உண்டா என்று பார்த்தார்கள், உண்டு. கைதூக்கியபோது ஒரு வாக்கால் வென்றது. எதிர்த்துக் கைதூக்கிய ஆசிரியை போகும்போது என் தோளைத் தொட்டு, கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு வந்து உன்னோடு சண்டை பிடிப்பேன் என்றார். பெப்ரவரிக்கு வைத்திருக்கிறோம்.