முடியை நேராக்கிக்கொண்டு போ என்றேன்

நியூஜெர்சியில் நாங்கள் தொழச் செல்லும் பள்ளிவாசலில், சென்ற ரமளானில் ஒரு நாள், நோன்பு திறந்தபின் ஒரு சகோதரி என்னருகே வந்து அமர்ந்தார். கறுப்பினத்தவர்; பேருந்து ஓட்டுநராகப் பணிபுரிபவர். பத்தாண்டுகளாக ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து தொழுகிறோம். ஆயினும் நோன்பு திறக்கும்போது நம்மவர்கள் ஒரு விரிப்பிலும் அவர்கள் இன்னொரு விரிப்பிலும் அமர்வது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

"என் மகள் கணக்கியல் படித்து முடித்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அலுவலக வேலைக்குப் போகும் முதல் பெண் அவள்தான். நேர்காணலுக்கு அவளைச் சற்று ஆயத்தப்படுத்துவீர்களா?" என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வந்தாள். நீண்ட மெல்லிய பின்னல்கள். அவள் ஹிஜாப் அணிவதில்லை. அது அவளுக்கும் அவள் தாய்க்கும் இடைப்பட்ட விஷயம். அவளுடைய விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தேன். பிறகு, பெரிய அனுபவசாலியைப் போல இரண்டு அறிவுரைகளும் சொன்னேன்: பின்னலை அவிழ்த்து முடியை நேராக்கிக்கொண்டு போ, விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கிப் போடு.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர், "சிஸ்டர், உங்கள் முதல் நேர்காணலுக்கு ஹிஜாபைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னவர்கள் யாராவது உண்டா?" என்றாள்.

உண்டு. சொன்னவர் அயலாரல்லர், என் சொந்த மாமிதான். "முதலில் வேலை கிடைக்கட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. அதே சொற்களைத்தான் வேறொருத்தியின் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தலைமுக்காடு காரணமாக ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்த அபர்க்ராம்பி நிறுவனத்துக்கு எதிராக 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எனக்கு மனப்பாடம். ஆனால் அலபாமாவில், சடைமுடியை வெட்ட மறுத்ததற்காக ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையை 2010-இல் திரும்பப் பெற்றதையும், 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றதையும் அன்றிரவுதான் தேடிப் படித்தேன். பின்னலுக்கும் சடைமுடிக்கும் எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் நியூஜெர்சியில் 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நான் வாழும் மாநிலத்தின் சட்டம், எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் பற்றி நான் சொன்னது பொய்யான அச்சமன்று. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பி, 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒத்த தகுதி இருந்தும் வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 50 விழுக்காடு அதிக அழைப்புகள் வந்தன. ஆனால் அந்த விண்ணப்பங்களை ஒதுக்கியவர்கள் யார்? என்னைப் போன்று மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்கள்தாமே. இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் அத்தகைய பெயர் கொண்ட ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. "நம் சூழலுக்கு ஒத்துவருவாரா?" என்று ஒருவர் கேட்டார். தாள் அடியில் போயிற்று. நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன்.

அவளை மீண்டும் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் மூன்று மாலைகள் உருப்படியான வேலை நடந்தது. நேர்காணல் கேள்விகளைக் கேட்டு ஒத்திகை பார்த்தோம். அந்தப் பணிக்கு எங்கள் வட்டாரத்தில் என்ன சம்பளம் என்பதைச் சொன்னேன். (நம்மவர்கள் சம்பளத்தை ரகசியமாக வைத்துக்கொள்வது யாருக்கு உதவுகிறதென்று எனக்கு விளங்கவில்லை.) அவர்கள் சொல்லும் முதல் தொகைக்கு உடனே தலையாட்டாதே என்றேன். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு ஆகிய படிவங்களை அவள் தாயும் உடனமர்ந்து கவனித்தார்.

பின்னல்களோடும் முழுப் பெயரோடும் போனாள். முதல் இடத்தில் கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டாம் வாரம் தொலைபேசியில் அழைத்தாள்: உடன் பணிபுரியும் ஒருவர் கேட்காமலேயே அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தாராம். வேண்டாமென்று நேரே சொல், தேதியையும் நேரத்தையும் குறித்து வை, நாளை இரவும் என்னை அழை என்றேன்.

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் மீண்டும் விண்ணப்பங்கள் வந்தன. ஒத்துவருவாரா என்ற அதே கேள்வி எழுந்தது. எதற்கு ஒத்துவர வேண்டும் என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தத் தாள் இம்முறை அடியில் போகவில்லை.