படத்தில் விழாத காயம்

அண்ணன் மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த மாலை, அவன் வயிற்றில் கைப்பிடி குத்திய தடம் வட்டமாகச் சிவந்திருந்தது, வேறு காயமில்லை. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தனர். ஈரலும் மண்ணீரலும் பழுதின்றி இருந்தன. இடுப்புக் குழியில் மட்டும் சிறிது நீர்.

“பசிக்கிறது சித்தப்பா, வீட்டுக்குப் போகலாம்” என்றான். நானும் அதையே விரும்பினேன்.

மருத்துவர் இசையவில்லை. “உறுப்புகள் நன்றாயிருக்க, அந்த நீர் எங்கிருந்து வந்தது, ஐயா?” என்று என்னையே கேட்டார். ஈரல் கிழிந்திருந்தால் படம் பெரும்பாலும் காட்டிவிடும். குடலில் விழும் சிறு துளை அப்படியன்று. முதற்சில மணி நேரத்தில் காற்றோ சாறோ வெளியே கசிவது மிகச் சொற்பம். தனித்து நிற்கும் நீர், தடித்த குடற்சுவர், குடலுக்கு வெளியே ஒரு காற்றுக்குமிழ் ஆகியவற்றைத்தான் தேட வேண்டுமாம். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் 1979இல் நோபல் பரிசு தேடித் தந்த கருவி, எங்களுக்கு அன்று தந்தது ஓர் ஐயத்தை மட்டுமே.

இரவு முழுதும் அவனுக்குப் பட்டினி. சில மணிக்கொரு முறை மருத்துவர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். எனக்கோ உள்ளூர எரிச்சல். படம் எடுத்தபின் கைக்கு என்ன வேலை என்று எண்ணினேன். விடியுமுன் நாடி விரைந்தது. வயிறு இறுகத் தொடங்கியது. மீண்டும் எடுத்த படத்தில் ஈரலுக்கு முன்னே கறுப்பாய் ஒரு கீற்று: காற்று. உடனே அறுவை. சிறுகுடலில் இருந்த துளையைத் தைத்து மூடினர்.

ஐந்தாம் நாள் அவன் கஞ்சி குடித்தான். வட்டத் தடம் மஞ்சளாய் மங்கியிருந்தது.