வாப்பாவின் தொழுகைப் பாய்

நிற்காமல் சிறுநீர் கசிபவரின் தொழுகை பற்றிய மஸ்அலா பிக்ஹு நூல்களில் ஒரு பக்கத்துக்குமேல் வராது. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் அதைக் கால்மணி நேரத்தில் முடித்துவிடுவது என் வழக்கம். பிள்ளைகள் தலைகுனிந்து சிரிப்பார்கள். நானும் அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுவேன்.

எண்பதைக் கடந்த என் வாப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி நீர் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் குழாய் பொருத்தி அனுப்பினார்கள். அவர் மிரண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கொர்தோவாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி தம் 'தஸ்ரீஃப்' நூலில் இதற்கென வெள்ளிக் குழாயை விவரித்திருப்பதைச் சொன்னேன். "அப்படியா!" என்று முகம் மலர்ந்தார்.

சில நாட்களில் குழாயின் ஓரமாகக் கசிந்து கைலி நனையத் தொடங்கியது. மருத்துவமனையில் 16ஆம் எண் குழாயை எடுத்துவிட்டு 20ஆம் எண்ணைப் போட்டார்கள். கசிவு கூடியது. வாப்பா வாய் திறக்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். பிறகு ஒருநாள் தொழுகைப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டார். "நஜீஸோடு எப்படியப்பா நிற்பேன்?" என்றார். ஐந்து வேளையும் தவறவிடாத மனிதர்.

வீட்டுக்கு வந்து பார்த்த செவிலிப் பெண்மணி முதலில் கேட்டது, "பையில் நீர் இறங்குகிறதா?" என்பதைத்தான். பை காலியாயிருந்து ஓரத்தில் மட்டும் கசிந்தால் குழாய் அடைபட்டிருக்கலாம். மடிப்போ அழுத்தமோ இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டுமாம். எங்கள் வீட்டில் பை நிறைந்துகொண்டுதான் இருந்தது. குழாய் நழுவாதிருக்க உள்ளே நீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது. சிறுநீர்ப்பை அதை வேண்டாப் பொருளாக எண்ணிச் சுருங்கித் தள்ளும்போது நீர் ஓரமாகப் பீறிடுகிறது. பருத்த குழாயும் பெரிய பலூனும் அந்தச் சுருக்கத்தை மிகுதியாக்கும். தண்ணீர் குறைந்தால் நீர் கெட்டிப்பட்டு உள்ளே உறுத்தும். மலமும் கட்டி அருகிலிருந்து அழுத்தும். வாப்பா ஒரு வாரமாக மலச்சிக்கலால் தவித்ததை எங்களிடம் மறைத்திருந்தார். வெட்கம் எதையெல்லாம் செய்துவிடுகிறது!

மருத்துவரைக் கேட்டு மெல்லிய குழாய்க்கு மாறினோம். இழுபடாதபடி அதைத் தொடையில் ஒட்டினோம். பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டோம். தண்ணீரும் கீரையும் பழமும் கூடின. கசிவு பெரிதும் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை.

அந்த மிச்சத்துக்குத்தான் என் பழைய பாடம் வேண்டியிருந்தது. நேரம் வந்த பிறகு கழுவித் துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. இடையில் கசிந்தாலும் தொழுகை முறியாது. வாப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"இவ்வளவு நாளும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாயா?"

"சொல்லிக் கொடுத்தேன், வாப்பா."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

பதில் இல்லாமல் நின்றேன். அஸருக்குப் பாங்கு ஒலித்தது. மூலையிலிருந்த பாயை எடுத்து விரித்தேன்.