நிழல் கேட்டவர்கள்

மெல்பேர்ன் மாநகர சபை தன் தெருக்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் மரங்களுக்கு இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருக்கிறது என்று மகன் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிளை முறிந்தால், தண்டு வெடித்தால் இன்ன மரம் என்று சுட்டி முறைப்பாடு செய்வதற்காக 2013 அளவில் செய்த ஏற்பாடு அது. சனங்களோ முறைப்பாட்டை விட்டுவிட்டு மரங்களுக்கே கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்கள். சுகம் விசாரித்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் நிழல் தருவதற்கு நன்றி சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. கடல் கடந்தும் வந்தன. சில மரங்கள் பதிலும் போட்டன! சபை ஊழியர் எவரோ மரத்தின் வாயாக இருந்து எழுதியிருக்க வேண்டும். அப்படியொரு உத்தியோகம் நம் நாட்டில் கிடைத்தால் நம் கவிஞர்களில் பாதிப்பேர் விண்ணப்பித்துவிடுவார்கள்.

இந்த அன்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1997 தொடக்கம் 2009 வரை தென்கிழக்கு அவுஸ்திரேலியாவை வரட்சி வாட்டியது. வீட்டுத் தோட்டத்துக்கே தண்ணீர்க் கட்டுப்பாடு என்றால் தெருமரத்தை யார் பார்ப்பது? ஆங்கிலேயர் தம் ஊர் ஞாபகத்தில் நட்டுவிட்டுப் போன எல்ம் மரங்கள் வாடின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் அழித்த பூஞ்சண நோய் அவுஸ்திரேலியாவை எட்டவில்லை. அதனால் உலகில் எஞ்சிய முதிய எல்ம் வரிசைகளுக்கு மெல்பேர்ன் பேர்பெற்றது. அந்தச் செல்வம்தான் கண்முன்னே காய்ந்துகொண்டிருந்தது. 2009 ஜனவரி இறுதியில் மூன்று நாட்கள் தொடர்ந்து வெப்பம் 43 பாகையைத் தாண்டியது. அந்த வெப்ப அலையில் விக்ரோறியா மாநிலத்தில் வழமையைவிட 374 பேர் கூடுதலாக மௌத்தானதாக அரசே கணக்குச் சொன்னது. அடுத்த மாதம் 7ஆம் திகதி மெல்பேர்னில் 46.4 பாகை. எங்கள் கிழக்குக் கரையின் வெயிலைக் கண்டவன்தான் நானும். ஆனால் 46 என்பது எனக்குக் கற்பனைக்கு எட்டாத எண்.

2012இல் சபை தன் நகரக் காட்டுத் திட்டத்தை வகுத்தது. மேலிருந்து பார்த்தால் பொது இடங்களில் 22 வீத நிலத்தையே அப்போது இலைக்கூரை மூடியிருந்தது. 2040இல் அதை 40 வீதமாக்குவது குறிக்கோள். சபையின் பொறுப்பில் ஏறத்தாழ 70,000 மரங்கள். இனி எந்த ஓர் இனமும் மொத்தத்தில் 5 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள். ஒரே வகையை நகரெங்கும் நட்டால், ஒரு பூச்சியோ நோயோ வந்து தெருவையே மொட்டையாக்கிவிடும் அல்லவா?

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. சபை பகுதி பகுதியாகச் சனங்களைக் கூட்டி, உங்கள் தெரு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. மரத்துக்கு எதிர்ப்பே இல்லாத ஊர் என்று எண்ணிவிட வேண்டாம். பிளேன் மரத்தின் பூந்துகளும் மயிர்த்துகளும் வசந்தத்தில் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். பீலி இலையால் அடைபடும். வேர் குழாயைத் தேடிப் போகும். போதாததற்கு, ஒவ்வொரு மரத்துக்கும் இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதைச் சபை நிறம் நிறமாக வரைபடத்தில் போட்டு எல்லோரும் பார்க்க வெளியிட்டது. அஜல் அல்லாஹ்வின் கையில் என்று நம்புகிற எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இருபது ஆண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மரங்கள் போய்விடும் என்ற கணிப்பைச் சனங்கள் அப்படித்தான் அறிந்துகொண்டார்கள். தான் கடிதம் எழுதிய மரமே ஒருநாள் வெட்டப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதன் இடத்தில் எது வரவேண்டும் என்றும் கேட்டால், அழுகிறவன்கூட அடுத்த கன்றுக்குக் கைதூக்குவான்.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு வேம்பு நின்றது. ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் கடலுக்குப் போகிறவர்களும் கடைக்காரர்களும் அதன் கீழ்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஜனாஸா அறிவித்தலும் கலியாணப் பேச்சும் அங்கேதான். வாகனத் தரிப்பிடம் வேண்டுமென்று ஒரு வியாழக்கிழமை இரவில் அதை வெட்டினார்கள். ஜும்ஆவுக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடிக்கட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு உள்ளே போனார். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவனுக்கு ஸதகா என்ற ஹதீஸை அதே மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தரிப்பிடம் தேவையாகவே இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் ஜமாஅத்தாரில் பாதிப்பேர் சரி என்றும் சொல்லியிருப்பார்கள். எவரும் கேட்கவில்லை.

மறுபுறத்தில், 2023 ஒக்டோபரில் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடும் பஸ் மீது பெருமரம் சாய்ந்து உயிர்கள் பலியாயின. அதன் பிறகு கொழும்பில் மழைநாளில் மரத்தை அண்ணாந்து பார்க்கிறவன் நிழலை நினைத்தா பார்க்கிறான்? அவன் பயத்தைப் பழிக்க முடியாது. உள்ளே உக்கிய மரம் வெளியே பச்சையாகத்தான் நிற்கும். தட்டிப் பார்க்கவும் பதிந்து வைக்கவும் ஆள் இல்லாத நகரத்தில் மரத்தின் மீது அன்பு வை என்று சனங்களுக்குச் சொல்வது கொஞ்சம் அநியாயம்.

மெல்பேர்னிலும் எல்லாம் நிறைவு என்று சொல்ல மாட்டேன். மாநகர சபையின் எல்லை நகர் மையமும் அதையொட்டிய சில பகுதிகளும்தான். மற்றப் புறநகர்களுக்கு வேறு வேறு சபைகள். கிழக்குப் புறநகர்கள் பச்சை. குடியேறிகள் நிறைந்த மேற்கில் மரம் குறைவு, மழையும் குறைவு. மகனின் வீடு மேற்கில். அவனுடைய தெருவில் இரண்டு தடிகளுக்கு நடுவே கட்டிய கன்றுகள் என் தோளுயரத்தில் நிற்கின்றன. எதிர்வீட்டுச் சோமாலியப் பெண்மணி பின்னேரங்களில் தன் வாசல் கன்றுக்கு வாளியில் தண்ணீர் ஊற்றுவார். இதற்கும் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று மகனிடம் கேட்டேன். “இல்ல வாப்பா, அது டவுனுக்குள்ள உள்ள மரங்களுக்கு மட்டுந்தான்” என்றான்.