பூட்டிய கதவும் பழுதுற்ற தட்டும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, எம் நெஞ்சில் முதலில் தோன்றியவர் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியரே. அவர் மறைவதற்குச் சில மாதங்களின் முன், தம் கல்லூரி நினைவுகளை இரண்டு மணி நேரம் எமக்குச் சொன்னார். அதனை ஒலிப்பதிவு செய்து எமது மடிக்கணினியில் வைத்திருந்தோம். வேறு பிரதி எடுத்தோமில்லை. அச்சோம்பலால் யாம் பட்ட பாட்டையே ஈண்டு எழுத நேர்ந்தது.

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி எமது பழைய கணினிக்கு இல்லை. நன்கு உழைத்த கருவியை வீசிவிட மனம் ஒப்பவில்லை. ஆகவே லினக்ஸை நாடினோம். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த முயற்சி அது. எவரும் பெறலாம்; உட்புறத்தை ஆராயலாம்; திருத்தலாம். 2004 ஆம் ஆண்டுக் கடல்கோளின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தற்கு நம் நாட்டு இளைஞர் ஆக்கிய ‘சகானா’ மென்பொருளும் இவ்வாறு மூலநிரல் திறந்து வைக்கப்பட்டதே.

பம்பலப்பிட்டியில் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றிலுள்ள எம் இல்லத்தில், ஒரு சனிக்கிழமை அதனை நிறுவினோம். வன்தட்டின் முதற் பாகத்தில் லினக்ஸ்; இரண்டாம் பாகத்தில் பழைய கோப்புகள். எல்லாம் இனிதே முடிந்தன. பின்னர், தமிழில் எழுதும் ஆவலால், சாவிப்பலகை அமைப்பைத் தமிழுக்கு மாற்றி, ஆங்கிலத்தை அறவே நீக்கினோம். கணினியை மீண்டும் இயக்கியபோது கடவுச்சொல்லை அது ஏற்க மறுத்தது. பத்து முறை முயன்றோம். எம் வீட்டுக் கதவை எமக்கே பூட்டியது போலாயிற்று.

எம் கல்லூரியின் இளைய பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். எம் மகனினும் இளையவர். ஆயினும் கல்லூரி வழக்கப்படி எம்மை ‘அண்ணா’ என்றே அழைப்பவர். கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய சாவிகளை ஒருங்கே அழுத்தச் சொன்னார். வெறும் எழுத்துத் திரை தோன்றிற்று. அங்கே அதே கடவுச்சொல் ஏற்கப்பட்டது! “அண்ணா, கடவுச்சொல் பிழையில்லை, விழுகிற எழுத்துத்தான் வேற” என்றார். எழுத்துத் திரையில் சாவிப்பலகை ஆங்கிலத்திலேயே இருந்தது. மற்றைத் திரையில் யாம் தட்டிய ஒவ்வொன்றும் தமிழெழுத்தாய் விழுந்தது. புள்ளிகள் மட்டுமே தெரிந்தமையால் யாம் அறிந்திலோம். ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் அமைத்தபின் கதவு திறந்தது.

திறந்தும் பயனென்ன? ஒரு கோப்பு விரியச் சில நிமிடங்கள் சென்றன. லினக்ஸே குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, தட்டு முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவத் துணிந்தோம். இளைஞரோ, “அழிக்கிறதுக்கு முதல் பதிவேட்டை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ” என்றார்.

வாசித்தோம். செயலி பெரும்பாலும் வேலையின்றித் தட்டுக்காகக் காத்திருந்தது. நினைவகத்தில் இடம் தாராளமாக இருந்தது. கருவகத்தின் பதிவேட்டிலோ வாசிப்புத் தவறுகள் வரிவரியாய் நின்றன. ‘ஸ்மார்ட்’ எனப்படும் தட்டின் தன்னாய்வுக் குறிப்பும், வாசிக்கவியலாப் பகுதிகள் பல உண்டெனக் காட்டிற்று. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் அத்தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். பழுதுற்ற இடத்தை வாசிக்கத் தட்டு சுற்றிச் சுற்றி மீண்டும் மீண்டும் முயலும். லினக்ஸ் ஒரு கட்டளையின் மறுமொழிக்கு வழமையாக 30 விநாடி வரை பொறுத்திருக்கும். தாமதத்தின் காரணம் இதுவே. இறக்குந் தறுவாயிலிருந்த தட்டையன்றோ யாம் அழித்தெழுத முனைந்தோம்!

உடனே கணினியை நிறுத்தினோம். பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, நல்ல பகுதிகளை முதலிலும் பழுதுற்றவற்றை இறுதியிலும் எடுக்கும் ‘டிடிரெஸ்கியூ’ என்னும் கருவியால், இரவு முழுவதும் புறத்தட்டொன்றிற் பிரதி செய்தோம். மறுநாள் காலி வீதியிலுள்ள யுனிற்றி பிளாசாவில் சுழலும் உறுப்பு ஏதுமற்ற எஸ்.எஸ்.டி. தட்டொன்றை வாங்கிப் பொருத்தினோம். அதே பழைய கணினி இன்று விரைந்து இயங்குகிறது.

ஆசிரியரின் குரல் மீண்டது. ஓரிடத்தில் மாத்திரம் சில விநாடிகள் ஒலியில்லை. அங்கே அவர் தம் பழைய மாணவர் சிலரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பெயர்களை இனி அறிய வழியில்லை.

ஆய்வுகூடத்தில் அவதானிப்பை எழுதாது முடிவை எழுதிய மாணவரின் குறிப்பேட்டை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். யாமும் அவ்வாறு பன்முறை பெற்றவரே. முதுமையில் மீண்டும் அதே பிழையைச் செய்யவிருந்த எம்மைத் தடுத்தவர், அவரிடம் ஒருநாளும் படித்திராத இளைஞர்.

மாணவ மணிகளே, அரியவற்றுக்கு இரு பிரதிகள் எடுங்கள். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். குற்றஞ் சுமத்துமுன் பதிவேட்டை வாசியுங்கள். எம் பிரதிகளுள் ஒன்றை மலர்க் குழுவினரிடம் ஒப்படைத்துள்ளோம். வாழ்க எம் கல்லூரி!