நூற்று அறுபத்தெட்டு ரூபாய்

வருமான வரி ரிட்டர்ன் போட உட்காருவதற்கு முன்னால் நான் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. பாஸ்புக்கையும் ஒரு மரஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வேன். ஸ்கேலை வரிக்கு வரி இறக்கி, வரவு என்று வந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுவேன். பெயர் எழுத முடியாத வரவு ஒன்று மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அந்தக் கணக்கு முடியாது.

பத்தமடையில் அம்பாசமுத்திரம் சாலையோரம் என் அறை. ஊரில் ஆடிட்டர் என்று கூப்பிடுவார்கள். நான் பட்டயக் கணக்காளர் அல்ல, வரி ஆலோசகர். பாய் நெய்கிறவர்கள், பாய் வியாபாரிகள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல் வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள். அவர்கள் பாஸ்புக்கில் அரசாங்கம் போட்ட பணம் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். விவசாயிகளுக்கான பிஎம் கிசான் தவணை, மகளிர் உரிமைத் தொகை, காஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி, வருமான வரி ரீஃபண்ட். கொண்டுவருகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான்: ‘கவர்மெண்ட் பணம்’. எனக்கு ஒவ்வொன்றும் வேறு. நூறு நாள் பணம் உழைத்து வாங்கிய கூலி, அதை உதவித்தொகையோடு சேர்க்கக் கூடாது. ரீஃபண்ட் அவர்களுடைய சொந்தப் பணம் திரும்பி வந்தது, அது வருமானம் ஆகாது. ஆனால் அதோடு வரித்துறை கொடுக்கும் வட்டி வருமானம். இந்த வட்டியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

2024 ஜூலையில் ஒரு அக்கா வந்தார். பாய் நெய்கிறவர். கணவர் சவூதியில் சம்பாதித்ததை 7 லட்சமாக டெபாசிட்டில் போட்டுவிட்டு இறந்துபோனார். கூடவே அவர் வழி வந்த அறுபது சென்ட் வயல். டெபாசிட் வட்டி அந்த வருடம் 45,500. அப்போது அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 40,000-ஐத் தாண்டினால் வங்கி பத்து சதவீதம் பிடிக்கும். தனக்கு வரி வராது என்று 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்காது; அவருக்கு யாரும் சொல்லவில்லை. 4,550 ரூபாய் போய்விட்டது. அதைத் திரும்ப வாங்க வந்தவர், வாசலிலேயே நின்று வேறொன்று கேட்டார்.

“அண்ணாச்சி, ரிட்டன் போட்டா கிசான் பணத்தை நிப்பாட்டிருவாவளா? ஏற்கெனவே ரெண்டு வருசமா வரல. கேட்டா மேலேருந்து நிறுத்திட்டாவன்னு சொல்லுதாவ.”

இந்தப் பயம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. காரணமில்லாமல் இல்லை. கிசான் திட்டத்தில், முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கு இடம் கிடையாது. 2020-ல் தமிழ்நாட்டில் தகுதி இல்லாத லட்சக்கணக்கானோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது வெளியாகி, கணக்குகளில் போட்ட பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். அந்தச் செய்தி இன்னும் ஊரில் நடமாடுகிறது. ஆனால் ரிட்டர்ன் போடுவது வேறு, வரி கட்டுவது வேறு. அக்காவின் மொத்த வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றும் இல்லை, பிடித்ததும் திரும்பி வரப்போகிறது. இதை அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் உட்கார்ந்தார்.

பாஸ்புக்கைச் சரிபார்த்துவிட்டு, வரித்துறை தளத்தில் அவருடைய ஏஐஎஸ் என்ற தகவல் அறிக்கையை இறக்கினேன். நம் பான் எண்ணில் எந்த வங்கி என்ன வட்டி கொடுத்தது என்று வருடம் முழுவதற்குமான தகவல் அதில் வந்துவிடும். டெபாசிட் வட்டி இருந்தது. பாஸ்புக் கணக்கின் வட்டி இருந்தது. அதற்குக் கீழே வேறொரு வங்கியின் பெயரில் சேமிப்புக் கணக்கு வட்டி, 168 ரூபாய்.

“இந்த பேங்க்ல கணக்கு இருக்காக்கா?”

“இல்லையே.”

வரிக்கு 168 ஒரு பொருட்டே இல்லை. பழைய வரி முறையில் சேமிப்புக் கணக்கு வட்டிக்குப் பத்தாயிரம் வரை கழிவே உண்டு. கூட்டிவிட்டு மேலே போயிருக்கலாம். என் பென்சில் போகவில்லை. இரண்டே முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வட்டி என்று வைத்தால், 168 வர வருடம் முழுக்கச் சராசரியாக ஆறாயிரத்துச் சொச்சம் கிடந்திருக்க வேண்டும். தாளில் போட்டுப் பார்த்தேன். 2022 அக்டோபர், 2023 பிப்ரவரி, ஜூலை, நவம்பர், 2024 பிப்ரவரி. ஐந்து கிசான் தவணை, இரண்டாயிரம் இரண்டாயிரமாக. சராசரி கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றது.

குழுக் கடனுக்காக ஒரு முகாமில் அந்த வங்கிக்காரர்களிடம் கைரேகை வைத்தது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கிசான் பணம் ஆதார் வழியாகப் போகிறது. கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாது. ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். யாரும் எதையும் நிறுத்தவில்லை. பணம் வீடு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் நான் பழகியதே 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான். தாமிரபரணி ஏறி வந்த அந்த 17, 18 தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பாதிப்பு மிகுந்த பகுதிகளின் குடும்ப அட்டைகளுக்கு 6,000, மற்றவற்றுக்கு 1,000 என்று ரேஷன் கடையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். ரொக்கம் என்பதால் பாஸ்புக்கில் அரசின் பெயர் இல்லை. வாங்கியவர் வங்கியில் கட்டினால் வெறும் ரொக்க வரவு. ஆறு மாதம் கழித்து நான் கேட்கும்போது அது பாய் விற்ற பணமா, நிவாரணமா என்று அவருக்கே தெரியாது. பேரிடருக்காக அரசு தரும் இழப்பீட்டுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(10பிசி) பிரிவில் விலக்கு இருந்தது. ஆனால் அதே இழப்பை வியாபாரக் கணக்கில் ஏற்கெனவே கழித்திருந்தால் அந்த அளவுக்கு விலக்கு கிடையாது. அதனால் நனைந்துபோன கோரைக்கட்டு கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வியாபாரியிடமும் கேட்டேன். அது அவர்களுக்கு வலித்த கேள்வி என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியாது.

அமெரிக்காவில் கொரோனாக் காலத்தில் ஆளுக்கு 1,200, 600, 1,400 டாலர் என்று மூன்று முறை கொடுத்தபோது, வந்ததையும் வர வேண்டியதையும் ரிட்டர்னிலேயே ஒப்பிட்டு, குறைந்ததைக் கேட்டு வாங்க ஒரு இடம் இருந்தது. நம் படிவத்தில் அப்படி ஒரு இடம் இல்லை. ஒப்பிடுவது முழுக்க நம் பென்சிலின் வேலை.

நானே தவறியதும் உண்டு. விசைத்தறியில் பாய் நெய்ய ஒரு தம்பி, மத்திய அரசு மானியம் தரும் பிஎம்இஜிபி திட்டத்தில் தொழில் கடன் வாங்கினார். 6 லட்சம் இயந்திரம், 35 சதவீதம் மானியம், அதாவது 2,10,000. இந்த மானியம் பயனாளி கையில் வராது; மூன்று வருடம் வங்கியில் வட்டியில்லா வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கில் இல்லாததால் நான் அதைக் காணவில்லை. முழு 6 லட்சத்துக்கும் 15 சதவீதத் தேய்மானம் 90,000 எழுதிவிட்டேன். மானியத்தை இயந்திரத்தின் விலையிலிருந்து கழித்துவிட்டு 3,90,000-க்கு 58,500தான் எழுதியிருக்க வேண்டும். கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை அடுத்த மாதம் வேறு வேலையாகப் பார்த்தபோது நெஞ்சில் அடித்தது. டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டு, கூடுதல் வரியைக் கட்டச் சொல்லி, அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் நானே விளக்கினேன். அன்றிலிருந்து சேமிப்புப் புத்தகத்தோடு கடன் ஸ்டேட்மெண்டும் கொண்டுவராதவருக்கு வேலை தொடங்குவதில்லை.

அக்கா மறுவாரம் திரும்பி வந்தார். அந்த வங்கியில் புதுப் பாஸ்புக் அச்சடித்து வாங்கியிருந்தார். ஜூனில் விழுந்த அடுத்த தவணையும், ஆரம்பத்தில் போட்ட சிறுதொகையும், வட்டியும் சேர்ந்து பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த நூத்தி அறுவத்தெட்டையும் எழுதணுமா அண்ணாச்சி?”

“எழுதணும்க்கா.”

“எழுதுங்க. அதுதானே காட்டிக் கொடுத்துது” என்று சொல்லி, ஸ்கேலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.